ஆற்றுப் பாட்டு பாடிய காலை

மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலை ஒன்றில் பதினான்கு மாதம் வேலை செய்தேன். அதற்கு முன்னர் ஓரிடத்தில் அவ்வளவு காலம் நான் நின்றது பாரிசில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் மட்டும்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினெட்டு வயதில் யாழ்ப்பாணத்தை விட்டேன். பம்பாய், மொஸ்கோ, பிராங்க்பர்ட், பாரிஸ், டொரொன்டோ என்று போய்ப் போய்க் கடைசியில் மொன்றியலுக்கு வந்தேன். கனடாக் குடியுரிமை கிடைத்தது. வேறு எதையும் சேர்த்து வைக்கவில்லை.

அந்த ஆலையில் ஒருவன் பிடிபட்டான். அவன் பிடிபட்டதில் எனக்கும் பங்கு உண்டு. வாயால் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சாதகமாகவே சொல்லிவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

ஆலைக்கு இரண்டு பக்கம். பின்பக்கம் அழுக்குப் பக்கம். லொறியில் வரும் மூட்டைகளை அங்கே அவிழ்த்து, ஓடும் பெல்ட்டில் கொட்டி, படுக்கை விரிப்பு வேறு, துவாய் வேறு, சத்திர சிகிச்சைத் துணி வேறு என்று பிரிப்பார்கள். இரத்தம் இருக்கும், மலம் இருக்கும், சில நேரம் ஊசி இருக்கும். ஒருமுறை ஒரு கட்டுப்பல் வந்தது. முன்பக்கம் சுத்தப் பக்கம். அங்கே ஈர விரிப்புகளை நீராவி உருளைக்குள் ஊட்டி, மறுபுறம் எடுத்து மடித்து, கம்பி வண்டிகளில் அடுக்குவோம். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு சுவர். அதில் தடித்த பிளாஸ்டிக் பட்டிகள் தொங்கும் ஒரு வழி மட்டுமே. கைத்தொலைபேசிகளை லொக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

இயந்திரங்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரோடு கதைப்பதற்கே காதுக்குள் கத்த வேண்டும். ஆனால் பாட்டு கேட்கும். பேச்சு இரைச்சலில் உடைந்துபோகும். நீட்டிப் பாடும் குரல் அதற்கு மேலால் வரும். இதை அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கவனித்தேன். ஏனென்றால் அங்கே ஒருவர் பாடிக்கொண்டிருந்தார்.

வெளியே போகும் வண்டிகளைச் சரிபார்த்து அனுப்பும் கறுப்பினப் பெண் அவர். அறுபது வயதைத் தாண்டியவர். மொன்றியலில் பிறந்தவர். அவருடைய மேசை வாசல் கண்ணாடியை ஒட்டி இருந்தது. வானொலியில் வரும் பழைய பாட்டுகள், கிறிஸ்மஸ் பாட்டுகள், யாருக்காவது பிறந்தநாள் என்றால் அது, எல்லாம் பாடுவார். உருளையில் நிற்கும் ஹெய்ட்டிப் பெண்கள் இரண்டு பேர் அடியை எடுத்துத் திருப்பிப் பாடுவார்கள். அது சுவரைத் தாண்டிப் பின்பக்கம் போகும். பாட்டு இருந்தால் கை வேகமாக ஓடுகிறது என்று மேற்பார்வையாளர் எதுவும் சொல்வதில்லை. என்னைப் பார்த்து அந்த அம்மா அடிக்கடி சொல்வது ஒன்றுதான். என் முகத்தைப் பார்த்தால் சூட்கேஸைக் கதவடியில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த ஆள் போல இருக்கிறதாம்.

பின்பக்கம் பெல்ட்டில் நின்றவன் மட்டக்களப்பான். முப்பத்தெட்டு வயது. மட்டக்களப்பான் என்று கூப்பிட்டால் என்னை யாழ்ப்பாணத்தார் என்பான். கோபம் இல்லாதபோது அண்ணன். பிரேசிலில் இறங்கி, காடும் கடலுமாக மேலே ஏறி, அமெரிக்காவைக் கடந்து, மரங்களுக்கு நடுவே ஒரு பாதையால் நடந்து கியூபெக்குக்குள் வந்தவன். அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டது. மேன்முறையீடும் மறுக்கப்பட்டது. இதற்கிடையில் தன் ஊர்ப் பெண் ஒருத்தியைக் கலியாணம் செய்திருந்தான். அவள் அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடம் பெற்றவள். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. மூன்று வயதில் ஒரு மகள். கணவனைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவள் போட்ட விண்ணப்பம் வரிசையில் கிடந்தது. அதற்குள் அவனை விமானத்தில் ஏறச் சொல்லி நாள் குறித்துக் கடிதம் வந்தது. அவன் போகவில்லை. அன்றிலிருந்து அவனைப் பிடிக்க உத்தரவு இருந்தது. மனைவியின் விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை பிடிபடாமல் இருக்க வேண்டும். திருப்பி அனுப்பினால் கொழும்பு விமான நிலையத்திலேயே தன்னை விசாரிப்பார்கள் என்று அவன் பயந்தான். முன்னர் ஒருமுறை விசாரித்திருக்கிறார்கள். அதன் மிச்சம் அவன் இடது கையில் இருந்தது. மூன்று விரல்கள் மடங்காது. அந்தக் கையோடுதான் பெல்ட்டில் நின்றான்.

செப்டம்பரில் எங்களுக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் குடிவரவு அதிகாரிகள் வந்து நான்கு பேரைக் கொண்டுபோனார்கள். எங்களிடமும் ஏஜென்சி மூலம் வந்த, கடதாசி சரியில்லாத ஆட்கள் இருந்தார்கள். அந்த வாரம்தான் சாப்பாட்டு அறையில் வைத்து, பாடும் அந்த அம்மா தன் திட்டத்தைச் சொன்னார்.

அவருடைய ஆட்கள் அமெரிக்காவின் தெற்கிலிருந்து தப்பி வந்தவர்கள். பருத்தித் தோட்டத்தில் அடிமைகள் கூடிப் பேசினால் சவுக்கடி. பாடினால் அடி இல்லை. பாடினால் வேலை நடக்கிறது, கடவுளை நினைக்கிறார்கள் என்று எசமான்கள் விட்டுவிட்டார்கள். அதனால் பேசவேண்டியதைப் பாட்டில் வைத்தார்கள். ஒரு பாட்டைக் கேட்டால் இன்றைக்குப் புறப்படு என்று பொருள். இன்னொன்று, வழிகாட்ட ஆள் வந்திருக்கிறது என்று. ஆற்றைப் பற்றிய பாட்டு என்றால் தண்ணீருக்குள் இறங்கி நட, நாய்க்கு மோப்பம் கிடைக்காது என்று. எசமானுக்குப் பக்திப் பாட்டு, இவர்களுக்கு அறிவித்தல்.

இதில் எது நடந்தது, எது பிறகு சேர்ந்தது என்று தனக்கே தெரியாது என்றும் சொன்னார். தப்பியவர்கள் எழுதி வைக்கவில்லை; எழுதப் படிக்கத் தெரிந்தால் அதுவே குற்றமாக இருந்த காலம். குடும்பத்தில் சொல்லிச் சொல்லி வந்தது. வடக்கே வந்தவுடன் சொர்க்கம் என்று நினைக்காதே, இந்த மொன்றியலிலேயே அடிமைகளை வாங்கி விற்றிருக்கிறார்கள் என்றார். பிறகு ஆரஞ்சு உரித்தபடியே விஷயத்துக்கு வந்தார். தன் மேசையிலிருந்து வாகனத் தரிப்பிடம் தெரியும். அதிகாரிகள் வந்தால் ஆற்றைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுவார். அந்தப் பாட்டை வேறு எந்த நாளிலும் பாடமாட்டார். அதைக் கேட்டால், போகவேண்டியவர்கள் பின்பக்கத்தில் மூட்டை இறக்கும் லொறிச் சரிவால் இறங்கி, வேலியோரமாகப் பேருந்துத் தரிப்புக்குப் போகவேண்டும். எல்லோரும் போய்விட்டார்கள் என்று தெரியும்வரை பாட்டை நிறுத்தமாட்டார்.

மட்டக்களப்பானுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் அரைகுறை. நான்தான் தமிழில் சொன்னேன். அவன் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்.

"அவ என்ன பாட்டு அண்ணன் படிப்பா? படப் பாட்டா?"

"படப் பாட்டில்லை. சாமிப் பாட்டு. அவையின்ர தேவாரம் எண்டு வை."

"தேவாரமா?"

"ஓம். அது படிச்சால் நீ வெளியில போகவேணும். விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு. தேவாரம் படிச்சா வெளியில போகணும்."

"யாழ்ப்பாணத்தான் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்" என்றேன்.

"அதாலதான் பயமாக் கிடக்கு" என்றான். அந்த அம்மாவுக்கு அதை மொழிபெயர்த்தேன். அவர் சிரித்து, உரித்த ஆரஞ்சில் பாதியை அவனுக்குக் கொடுத்தார்.

நவம்பரில் ஒருநாள் ஆற்றுப் பாட்டு கேட்டது. கொங்கோவிலிருந்து வந்த இரண்டு பெண்கள் நிமிடத்துக்குள் சரிவால் இறங்கிப் போய்விட்டார்கள். வந்தவர்கள் தீயணைப்புக் கருவிகளைப் பரிசோதிக்கிறவர்கள். அன்று சாப்பாட்டு அறையில் ஒரே சிரிப்பு. மட்டக்களப்பான் மட்டும் அன்று வேலைக்கு வரவில்லை. மகளுக்குக் காய்ச்சல், பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் கார்டெரியில் எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அவனுக்கு அந்தப் பாட்டு எப்படி இருக்கும் என்று தெரியாது. மறுநாள், எல்லாம் நன்றாக நடந்தது என்று அவனுக்குச் சொன்னேன். எப்படி நடந்தது என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

பெப்ரவரியில் வந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். நான் உருளையில் ஒரு விரிப்பின் ஒரு மூலையைப் பிடித்திருந்தேன். மறு மூலையில் ஒரு ஹெய்ட்டிக்காரர். பாட்டு தொடங்கியது. பதிந்த, நீண்ட அடி. ஹெய்ட்டிப் பெண்கள் உடனே அதை எடுத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே இரண்டு வாகனங்களையும், குண்டு துளைக்காத மேலங்கி அணிந்த மூன்று பேரையும் கண்டேன். கொங்கோப் பெண்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் பட்டிகளைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் ஓடினார்கள். அவர்கள் தள்ளிய இடைவெளியில் மட்டக்களப்பானைக் கண்டேன்.

அவன் கையுறைகளைக் கழற்றிப் பெல்ட்டின் விளிம்பில் வைத்திருந்தான். தொப்பியைக் கழற்றியிருந்தான். கால்களைச் சேர்த்து வைத்து, கைகளைக் கூப்பி, தலையைக் குனிந்து நின்றான். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. பிரிக்காத துணிகள் குவிந்து அவன் காலடியில் விழுந்துகொண்டிருந்தன.

எனக்கு அந்தக் கணத்திலேயே விளங்கியது. எங்கள் நாட்டில் சைவப் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் விளங்கும். காலையில் தேவாரம் தொடங்கினால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நேரம் பிந்தி வந்தவன் கேட்டடியிலேயே நிற்பான். வாத்தியார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தால் உருட்டுவதை நிறுத்துவார். தேவாரம் முடிந்த பிறகுதான் கலையலாம். தேவாரம் படித்தால் வெளியே போ என்று நான் அவனுக்குச் சொன்னேன். அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். படித்து முடியட்டும், பிறகு போவோம் என்று நின்றான்.

பட்டிகள் ஆடி ஆடி மூடிக்கொண்டன. அவை முழுதாக மூடுவதில்லை. அந்த அம்மாவின் மேசையிலிருந்தும் அந்த இடைவெளி தெரியும். அவனை அவரும் கண்டிருக்கிறார். இன்னும் ஒருவன் போகவில்லை என்று கண்டு பாட்டை முதலில் இருந்து தொடங்கினார், கூடிய சத்தத்தில். அவர் நிறுத்தட்டும் என்று அவன் நின்றான். அவன் போகட்டும் என்று அவர் பாடினார்.

முப்பது அடி தூரம். நான் போய் அவன் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். காதுக்குள் "ஓடடா" என்று ஒரு சொல் கத்தியிருந்தாலும் போதும். போகாததற்குக் காரணங்கள் வைத்திருக்கிறேன். விரிப்பை விட்டால் உருளை சிக்கும், மேற்பார்வையாளர் பார்ப்பார், நான் ஓடுவதைக் கண்டால் அதிகாரிகளும் பின்னால் ஓடி வருவார்கள். இவையெல்லாம் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தவை. உண்மை என்னவென்றால் எனக்குக் கால் எழவில்லை. நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தி முப்பது வருடம் இருக்கும். ஆனால் அந்த அம்மா இரண்டாம் முறை தொடங்கியபோது அந்தப் பாட்டுக்குக் குறுக்கே நடந்து போக முடியாமல் நானும் நின்றேன். விரிப்பின் மூலையைப் பிடித்தபடி, தலையைச் சற்றுக் குனிந்து. எதிரில் நின்ற ஹெய்ட்டிக்காரர் என்னைக் கூப்பிட்டதுகூடக் கேட்டது.

முகாமையாளர் முன்னே வர, அதிகாரிகள் எங்களைக் கடந்து போனார்கள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் கையில் படம் ஒட்டிய தாள் இருந்தது. அவர்கள் பட்டிகளுக்குள் நுழைந்ததும் அந்த அம்மா பாட்டை நிறுத்தினார். இனிப் பாடி என்ன?

பாட்டு நின்றதும் மட்டக்களப்பான் தலையை நிமிர்த்தினான். தொப்பியைப் போட்டான். கையுறைகளை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். பிறகு திட்டத்தின்படி லொறிச் சரிவுப் பக்கம் திரும்பி நடந்தான். நாலு அடி வைத்திருப்பான். பின்னாலிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பி "ஓம்" என்றான்.

அவனைக் கொண்டுபோன பிறகு அந்த அம்மா என்னிடம் வந்தார். ஏன் அவன் நின்றான், பயத்தில் கால் மரத்துவிட்டதா என்று கேட்டார். நான் தேவாரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கட்டி வைத்திருந்த துவாய் மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தார். தான் பாட்டை நிறுத்தியிருந்தால் அவன் போயிருப்பானா என்று கேட்டார். ஓம் என்றேன். நடுவிலே எந்த இடத்தில் நிறுத்தியிருந்தாலுமா என்று கேட்டார். அதற்கும் ஓம் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குச் சொல்லாத பொய்யை அன்று மாலையே வேறொருத்திக்குச் சொன்னேன்.

கோட்-டெ-நெய்ஜில் மட்டக்களப்பானுடைய வீடு நாலாம் மாடி. மகள்தான் கதவைத் திறந்து போன்ஜூர் சொன்னாள். மனைவிக்கு ஏற்கெனவே செய்தி போயிருந்தது. ஏன் ஓடவில்லை என்று மட்டும் கேட்டாள். பின்பக்கக் கதவு பனியால் அடைபட்டிருந்தது, திறக்க முடியவில்லை என்றேன். அவள் நம்பினாள். பனி கொட்டிய வாரம் அது. தேத்தண்ணி போட்டுத் தந்தாள். நான் குடித்தேன்.

அவனை நகரத்துக்கு வடக்கே ஒரு தடுப்பு நிலையத்தில் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை அவளோடு நானும் போனேன். அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் ஒலிவாங்கி. அவன் முகத்தில் மயிர் வளர்ந்திருந்தது. மற்றபடி அமைதியாக இருந்தான். மகளைப் பற்றி, வழக்கறிஞரைப் பற்றிக் கேட்டான். பிறகு என்னைப் பார்த்தான். என்மேல் குறை சொல்லும் எண்ணம் துளியும் அவனுக்கு இல்லை.

"பாட்டு நீண்டு போச்சு அண்ணன்" என்றான். "நம்மட பள்ளிக்கூடத்துல தேவாரம் மூணு நிமிசத்தில முடிஞ்சிரும். இது முடியிற மாதிரியே இல்ல. முடியட்டும், போவம் எண்டு நிண்டன்."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். பேருந்துத் தரிப்பில், காற்றில் நின்றபோது கேட்டாள்.

"கதவு பனியில அடைபட்டது எண்டீங்க."

"ஓம். பொய் சொன்னன்."

"தேவாரம் எண்டு ஆர் அவருக்குச் சொன்ன?"

"நான்தான்."

"அவர் நிக்கிறதக் கண்டீங்களா?"

"கண்டனான்."

"கண்டுட்டு என்ன செஞ்சீங்க?"

"நானும் நிண்டன்."

பேருந்து வந்தது. அவள் ஏறி முன்பக்கம் உட்கார்ந்தாள். நான் பின்பக்கம் போய் நின்றேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கே டொரொன்டோவுக்குப் பேருந்து எடுத்திருப்பேன். என்னைப்பற்றி எனக்குத் தெரியும். ஆட்கள் திட்டினால் அந்த ஊரை விட்டுப் போய்விடுவேன். அவள் திட்டாததால் போகவும் வழியில்லாமல் இருந்தேன்.

வழக்கறிஞர் நாடுகடத்தலுக்கு நீதிமன்றத்தில் தடை கேட்டார். அந்த அம்மா தன் தேவாலயத்தில் நூறு பேரிடம் கையெழுத்து வாங்கி ஒரு கடிதம் கொண்டுவந்தார். மகளின் கார்டெரி ஆசிரியை ஒரு கடிதம் எழுதினார். மடங்காத விரல்களைப் பற்றி ஒரு மருத்துவர் எழுதினார். நீதிபதி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மறுத்தார். ஏற்கெனவே ஒருமுறை விமானத்துக்கு வராதவர் என்பது காரணங்களில் ஒன்று. மறுப்பு வந்தது புதன்கிழமை பின்னேரம். வியாழக்கிழமை அவனை ஏற்றிவிட்டார்கள். மனைவியின் விண்ணப்பம் இன்னும் வரிசையில்தான் கிடக்கிறது. கணினியில் பார்த்தால் பரிசீலனையில் என்று காட்டுகிறது.

ஆலையில் பாட்டு நின்றுபோனது. அந்த அம்மா எந்தப் பாட்டையும் பாடுவதில்லை. ஹெய்ட்டிப் பெண்கள் ஓரிரு முறை தாங்களே தொடங்கிப் பார்த்தார்கள், அது ஓடவில்லை. மேற்பார்வையாளர் வந்து, வேகம் குறைந்துவிட்டது, நீங்கள் ஏன் இப்போது பாடுவதில்லை என்று அவரிடமே கேட்டார். அவர் வண்டிப் பட்டியலில் அடுத்த வரியைக் குறித்தார். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார். தன் ஆட்களுடைய கதையில் தப்பியவர்கள் மட்டுமே வருகிறார்கள், பாட்டைப் பிழையாக விளங்கிக்கொண்டு பிடிபட்டவர்களும் இருந்திருப்பார்கள், அவர்களைப் பற்றி யாருமே தன்னிடம் சொல்லவில்லை, இத்தனை வயதுக்குத் தானும் யோசிக்கவில்லை என்று. அந்த வாரமே நான் வேலையை விட்டேன்.

கொழும்பில் இறங்கி மூன்றாம் நாள் அவன் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தான். யாரோ ஒருவருடைய போன். விமான நிலையத்தில் ஒரு பகலும் இரவும் வைத்திருந்து விட்டதாகவும், மட்டக்களப்புக்குப் பேருந்து எடுக்கப் போவதாகவும் சொன்னான். பிறகு கதைக்கிறன் என்று வைத்துவிட்டான். அதன் பிறகு அழைப்பு இல்லை. அந்த இலக்கத்துக்கு எடுத்தால் பாவனையில் இல்லை என்கிறது. ஊரில் அவனுடைய தாய் தனியே இருக்கிறார். அயலவர் ஒருவர், அவன் வந்தது போல இருந்தது, பிறகு காணவில்லை என்று சொன்னாராம். இன்னொருவர், வரவே இல்லை என்றாராம். நான்கு கிழமை ஆகிவிட்டது.

நான் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் ஓர் அறை எடுத்து, இன்னொரு களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் மகளையும் கூட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டி மெட்ரோவில் வந்தாள். வீட்டுக்குள் வந்து உட்காரவில்லை. கதவடியில் நின்றே கதைத்தாள். அவனைத் தேடி அவள் போனால் இங்கே அவளுடைய அகதி நிலையும் வதிவிடமும் போய்விடும், பிள்ளையிடம் திரும்பி வர முடியாமல் போகும் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.

"உங்களிட்ட கனடாப் பாஸ்போட் இருக்கு" என்றாள். "பிள்ளை குட்டி இல்ல. ஊர் ஊரா அலைஞ்ச ஆள். நீங்க போய்ப் பாருங்க."

நான் முப்பத்திரண்டு வருடமாக அந்த நாட்டில் கால் வைக்கவில்லை. வைப்பதில்லை என்றுதான் இருந்தேன். அங்கே எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பழைய இயக்க ஆட்களுடைய பெயர்ப் பட்டியல்களில் என் பெயர் இன்னும் இருக்கக்கூடும். அதை அவளுக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவள் பார்த்த பார்வையில் அதெல்லாம் அவளுக்குத் தெரியும் என்று பட்டது. தெரிந்துகொண்டுதான் கேட்டாள்.

"போறன்" என்றேன்.

அவள் நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படம் கீறிக் காட்டினாள். பேருந்து நிலையத்திலிருந்து இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தச் சந்தியில் ஆட்டோக்காரர்களிடம் அவன் பெயரைச் சொல்லி விசாரிக்கக் கூடாது, எந்த மளிகைக்கடைக்காரரை நம்பலாம், வீட்டின் கேட் என்ன நிறம். அவனைக் காணாவிட்டால் முதலில் எங்கே போய்க் கேட்க வேண்டும், அங்கே இல்லாவிட்டால் பிறகு எங்கே. அந்தக் கடைசி இடங்களான முகாம்களின் பெயர்களை அவள் எழுதவில்லை, வாயால் சொன்னாள். மகளுக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். என்றாலும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

கடைசியில் ஒன்று சொன்னாள். அவனுடைய தாய்க்குக் காது கேளாது. வெளியிலிருந்து மெல்லக் கூப்பிட்டால் வரமாட்டார். அயலில் யார் பார்த்தாலும் பரவாயில்லை, கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுங்கள், நிற்க வேண்டாம் என்றாள்.

விமானம் வியாழக்கிழமை பின்னேரம். இன்று செவ்வாய். களஞ்சியத்தில் சொல்லிவிட்டேன். அறைக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.